அரை செயின் பிழை

மனைவியை வீட்டுக்கு அழைத்து வருவதற்காக அமெரிக்கா போனேன். சண்டை ஒன்றும் இல்லை. மகள் தேன்மொழியின் பிரசவத்துக்கு உதவியாகப் போன வசந்தா, ஐந்து மாதம் ஆகியும் போனில் "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரில் தனியாக ரசம் வைத்துக் குடித்து எனக்கு நாக்கு செத்துப்போனது. நேரில் போய் நின்றால்தான் வேலைக்கு ஆகும் என்று கிளம்பினேன். அழைத்தும் வந்துவிட்டேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல.

தேன்மொழி டாக்டர். கான்சாஸ் மாநிலத்தில் லிண்டன்ஃபீல்டு என்ற ஊரில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. ஊர் என்றால், நம் ஊரில் ஒரே தெருவில் இருக்கிற ஜனங்களை எடுத்து இருபது தெருவில் தெளித்த மாதிரி இருக்கும். ஒரு மளிகைக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு தேவாலயங்கள், தண்டவாளத்தை ஒட்டி கோதுமை கொட்டி வைக்கும் உயரமான வெள்ளைக் கிடங்குகள். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டேன். பஸ்ஸே இல்லையாம். ரயில் உண்டு, ஆனால் அதில் கோதுமை மட்டும்தான் போகும்.

நான் முப்பத்துநான்கு வருடம் நில அளவையராக இருந்தவன். கடைசியில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஓய்வு பெற்றேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் என் கண் போவது வரப்பின் மீதுதான். அதனால் விமான ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோதே நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுரம் சதுரமாக நிலம். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சாலை, எல்லாம் நேர் வடக்கு, நேர் கிழக்கு. எங்கள் மாவட்டத்தில் ஒரு புலப்படத்தை எடுத்தால் பாகப்பிரிவினையும் ஓடையும் ஏரிக்கரையும் சேர்ந்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். இங்கே யாரோ ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே தாளில் கோடு போட்டு முடித்திருக்கிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து மகள் காரில் அழைத்துப் போனாள். இரண்டு மணி நேரம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேலையே இல்லாத சாலை. கடைசியில், மண் சாலை ஒன்றில், காரணமே இல்லாமல் சாலை சட்டென்று இடது பக்கம் ஒதுங்கியது. கார் ஒதுங்கவில்லை. நேராகப் போய்ப் புல் பள்ளத்தில் இறங்கி நின்றது. அடி ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஒரு டிராக்டர்காரர், நாங்கள் கேட்பதற்கு முன்பே சங்கிலியை மாட்டி இழுத்து மேலே விட்டுவிட்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடச் சொல்லவில்லை.

பூமி உருண்டை, அதனால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும், சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டும் என்றால் பல மைலுக்கு ஒருமுறை இப்படித் தள்ளிப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் மகளுக்கு விளக்கினேன். எனக்கு ஒரே சந்தோஷம். பாடமாகப் படித்ததை முதல்முறையாகப் பள்ளத்தில் விழுந்து பார்க்கிறேன்.

"அப்பா, இப்ப இத யாரு கேட்டாங்க?" என்றாள் தேன்மொழி.

மறுநாள் காலை நடக்கக் கிளம்பினேன். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிற கால்கள் சும்மா இருக்காது. சுற்றிவர மலை இல்லை என்பதால் ஒரு சதுரத்தைச் சுற்றி வரலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் ஒரு மைல், மொத்தம் நான்கு மைல். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற கோதுமை. வழியில் ஐந்து வண்டிகள் நின்றன. ஐந்து பேரும் கேட்டது ஒரே கேள்வி: வண்டி எங்கே பழுதாகி நிற்கிறது? ஒரு மனிதன் வேண்டுமென்றே நடக்கிறான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது வண்டியை ஓட்டி வந்தவர் ரூத். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி, கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் ஜூனோடு சேர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். என்னைப் பார்த்ததுமே வசந்தாவின் கணவர்தானே என்று கேட்டார். என் மனைவி ஐந்து மாதத்தில் ஊரில் பாதிப் பேருக்கு இட்லி கொடுத்திருந்தாள். கூடவே தன் கணவர் பெரிய சர்வேயர் என்றும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பெரிய என்ற சொல்லை எங்கள் வீட்டில் அவள் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

ரூத் பேசியது இங்கிலீஷ். ஆனால் அந்த நிதானமும் இழுப்பும் என் காதில் கீழ்பென்னாத்தூர்ப் பேச்சாகவே விழுந்தன. அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க சர்வேயர்தான? ஞாயித்துக்கிழம சாப்பிட வாங்க. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். முட்டைக்கோஸை வதக்கி உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டைகள். வழக்கமாக மாட்டிறைச்சியும் சேர்ப்பார்களாம், எங்களுக்காகத் தனியாகச் செய்திருந்தார். வசந்தா, டப்பாவில் விற்கும் வேர்க்கடலை வெண்ணெயில் பச்சைமிளகாயும் புளியும் சேர்த்து அரைத்த சட்னியைக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கத்து மல்லாட்டைச் சட்னி என்று சத்தியம் செய்யலாம், அப்படி இருந்தது. ஜூன் அதை ரொட்டியில் தடவி மூன்று சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவதை எடுத்தாள். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாத பெண். ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

சாப்பிட்டதும் ரூத் குடும்பக் கதையைச் சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜெர்மானியர். ரஷ்யாவில் குடியேறி வாழ்ந்து, அங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்தவர். வரும்போது மரப்பெட்டியில் துணிக்கு நடுவே விதைக் கோதுமை. அந்தக் காலத்தில் அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு நூற்று அறுபது ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது காட்டினால் பட்டா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வந்து இறங்கியபோது அங்கே ஒரு மரம் இல்லை, ஒரு கல் சுவர் இல்லை. புல்வெளியை வேரோடு செங்கல் செங்கலாக வெட்டி அடுக்கி, அந்த மண் வீட்டில்தான் முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். தண்ணீருக்கு இரண்டு மைல் தள்ளி ஓடை. மூன்றாவது வருடம் வெட்டுக்கிளி வந்து பயிரோடு சேர்த்துக் கதவில் தொங்கிய துணியையும் தின்றது.

அப்போதுதான் கிணறு வெட்டினார்கள். கொள்ளுத்தாத்தா உள்ளே இறங்கி வெட்ட, அவர் மனைவி வயிற்றில் பிள்ளையோடு மேலே நின்று ராட்டினத்தில் மண்ணை இழுத்துக் கொட்டியிருக்கிறார். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் வைத்துக் கட்டிய கிணறு. கிணறு வெட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலத்துக் கிணற்றுக்கு வெடி வைத்த நாட்களில் என் அப்பா தூங்கியதே இல்லை. இங்கே வெடியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு புருஷனும் பெண்சாதியும் மட்டும். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

ரூத் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து வைத்தார். இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். புழுதிப் புயல் அடித்த வருடங்களில் அந்தப் பழைய வீட்டை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். பிறகு வீட்டை இடித்து நிரவினார்கள். கிணற்றின் மேல் ரயில் கட்டைகளை அடுக்கி, மண்ணைக் கொட்டி, அதன் மேலேயே கோதுமை விதைத்துவிட்டார்கள். மூடியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கட்டை இத்தனை காலத்தில் உளுத்திருக்கும். இந்த வருடம் ஜூன் வாங்கியிருக்கிற அறுவடை மிஷின் பழையதைவிட ரொம்பக் கனம். இரண்டு ஊர் தள்ளி ஒரு டிராக்டர் இப்படித்தான் பழைய கிணற்றுக்குள் இறங்கியதாம். கிணறு எங்கே என்று தெரியாமல் மகளை அந்த நிலத்தில் மிஷின் ஏற விடமாட்டேன் என்று ரூத் நிற்கிறார். கோதுமையோ விளைந்து நிற்கிறது. ஒரு ஆலங்கட்டி மழை வந்தால் கால் மணி நேரத்தில் வருட உழைப்பு தரையோடு போய்விடும்.

தாளில் எழுதியிருந்தது இதுதான்: மூலைக்கல்லிலிருந்து மேற்கே ஆறு செயின், அங்கிருந்து தெற்கே இரண்டு செயின் ஐம்பது லிங்க், கிணறு.

ஜூன் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தாள். டிராக்டர் இழுக்கிற சங்கிலியை வைத்து ஆறு முறை அளந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சர்வே செயின் என்றால் அறுபத்தாறு அடி. நூறு லிங்க் ஒரு செயின், எண்பது செயின் ஒரு மைல். எங்கள் தாலுகாவின் பழைய ஆவணங்கள் எல்லாம் இந்தக் கணக்குதான். திருவண்ணாமலையை அளந்த அதே செயின் கான்சாஸையும் அளந்திருக்கிறது. இதை நான் சொன்னதும் ரூத் என் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வசந்தாவின் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்தது இல்லை.

அப்போதே நிலத்துக்குப் போனோம். வடகிழக்கு மூலையில், வேலி திரும்புகிற இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் நட்டிருந்தது. மரம் இல்லாத ஊர் என்பதால் வேலிக்கம்பங்களையே கல்லில் அறுத்து நட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் கல்கால் வேலி உண்டு, அதனால் சொந்த ஊரில் நிற்பது மாதிரி இருந்தது. மூலையில் கல் இருக்கிறது, தாளிலும் மூலைக்கல் என்று இருக்கிறது. நாடாவைப் பிடித்து, ஜூனை ஒரு முனையில் நிறுத்தி, இரண்டு முறை சரிபார்த்து அளந்தேன். கோதுமைக்கு நடுவே ஒரு குச்சியை நட்டு, சுற்றிலும் பதினைந்து அடிக்கு இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தோம். எங்கும் கெட்டி மண்.

யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னேன். கிணற்றை வெறுமனே மூடவில்லை, முழுக்கத் தூர்த்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை, மிஷினை விடலாம்.

"நிச்சயமா சொல்றீங்களா?" என்று கேட்டார் ரூத்.

"நிச்சயம். நான் வெச்ச கல்லு ஒண்ணு கூட இதுவரிக்கும் தப்பானதில்லைங்க."

ஜூன் முதல்முறையாகச் சிரித்தாள். நாளை பனி காய்ந்ததும் அறுப்பு என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மகள் டியூட்டிக்குப் போகிற வழியில் என்னை ஊர் அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டாள். பழைய பள்ளிக்கூடம் ஒன்றுதான் அருங்காட்சியகம். பார்த்துக்கொள்பவர் எட் என்ற பெரியவர், சம்பளம் இல்லாமல் வந்து திறக்கிறார். புல்மண் வீட்டின் போட்டோ, ஏர்க்கலப்பை, ரஷ்யாவிலிருந்து வந்த மரப்பெட்டி, வெட்டுக்கிளி அரித்த ஒரு மண்வெட்டிப் பிடி. ஒவ்வொன்றின் கீழும் கொடுத்த குடும்பத்தின் பெயர். நம் ஊரில் ராஜாவின் தானத்துக்குக் கல்வெட்டு இருக்கும், உழுதவன் பெயர் இருக்காது. இங்கே உழுதவன் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்பு முனைகள் சில இருந்தன. உழும்போது கிடைத்தவை. பூர்வகுடிகளான பாவ்னி ஜனங்களும் கான்சா ஜனங்களும் வேட்டையாடிய புல்வெளி இது. விவசாயி வருவதற்கு முன் சர்வேயர் வந்திருக்கிறான், குடியிருந்தவர்களைக் கேட்காமலே கோடு போட்டிருக்கிறான். மாநிலத்தின் பெயரில் அவர்கள் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர்ப்பலகைகளில் ஒன்றில்கூட இல்லை. அரசாங்கம் சொன்ன இடத்தில் கல் நட்டுச் சம்பளம் வாங்கியவன் நானும்தான். அந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்சம் கூசிப் போய் நின்றேன்.

சுவரில் ஊரின் பழைய சர்வே வரைபடம் பெரிதாக மாட்டியிருந்தது. ரூத்தின் சதுரத்தைத் தேடிப் பிடித்தேன். கோடு சாலையின் நடுவே ஓடியது. சாலைக்காக இரண்டு பக்கத்து நிலத்திலிருந்தும் சமமாக விட்டிருந்தார்கள். தப்பாக வரைந்திருக்கிறார்களோ என்று எட்டிடம் கேட்டேன்.

"தப்பெல்லாம் இல்லைங்க, இங்க அப்பிடித்தான். பட்டா நடு ரோடு வரிக்கும் வரும். மூலைக்கல்லெல்லாம் ரோட்டுக்கு நடுவுல, மண்ணுக்கு அடியில கெடக்குது."

அப்படியானால் வேலி மூலையில் நிற்கிற கல் என்ன என்று கேட்டேன்.

"அது வேலிக்கம்பங்க."

நம் ஊரில் சாலை என்றால் தனிப் புறம்போக்கு, தனிச் சர்வே எண். பட்டா நிலத்தின் கல் வரப்பு மூலையில்தான் நிற்கும். நடுச்சாலையில் மூலைக்கல்லைத் தேடுகிறவனை எங்கள் ஆபீசில் வைத்தியரிடம் அனுப்புவார்கள். முப்பத்துநான்கு வருடப் பழக்கம், கல்லைக் கண்டதும் யோசிக்காமல் நாடாவை வைத்துவிட்டேன். சாலையின் அகலம் ஒரு செயின். அதில் பாதி, முப்பத்துமூன்று அடி. மேற்கேயும் அரை செயின், தெற்கேயும் அரை செயின் தள்ளிப் போய்க் குத்திப் பார்த்துவிட்டு நிச்சயம் என்று சொல்லியிருக்கிறேன். மணி பன்னிரண்டரை. பனி எப்போதோ காய்ந்திருக்கும்.

வசந்தாவுக்குப் போன் செய்தேன். ரூத்தைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளே திரும்ப அழைத்தாள்.

"இன்னாங்க ஆச்சு? ரிங் போவுது, யாரும் எடுக்கல."

திருவண்ணாமலையாக இருந்தால் தெருவில் இறங்கிக் கையைத் தூக்கினால் நான்கு ஆட்டோ வந்து நிற்கும். இங்கே தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைப் பூட்டி, தன் பழைய பிக்கப்பில் என்னை ஏற்றினார்.

ஊர் எல்லையில் ரயில் கேட் விழுந்தது. கோதுமை ரயில். என் வாழ்நாளில் அத்தனை நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை. வந்த நாளிலிருந்து அதை மெச்சிக்கொண்டிருந்தவன், அன்றைக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாபம் கொடுத்தேன். எட் ஸ்டீயரிங்கில் விரலைத் தட்டிக்கொண்டே, ஜூன் வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்து வருவாள், ஒரு சுற்றுக்கு முப்பது அடி, அரை மணி நேரம் ஆகும் என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். வேலியிலிருந்து கிணறு நூற்று முப்பத்திரண்டு அடி. ஐந்தாவது சுற்று.

நிலத்தை அடைந்தபோது வடக்கு ஓரத்தில் அறுத்த கோதுமைத் தாள் பளபளத்தது. தப்படி போட்டுப் பார்க்காமலே தெரிந்தது, நான்கு சுற்று முடிந்துவிட்டது. மிஷின் மேற்கு மூலையில் திரும்பி, புழுதி கிளப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரூத் எதிர்ப்பக்க ஓரத்தில் கோதுமை லாரியில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி ஓடினேன். ஓய்வு பெற்ற பிறகு நான் ஓடியதே இல்லை. மிஷினுக்கு நேர் எதிரே போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

நின்றது. இன்ஜின் அணைந்ததும் காது அடைத்த மாதிரி ஆனது. ஜூன் ஏணியில் இறங்கி வந்தாள். முகத்தில் கோபம். ரூத்தும் லாரியை விட்டு ஓடி வந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"நேத்து நான் அளந்தது தப்பு. கல்லு நடு ரோட்டுல இருக்குது. நான் வேலிக்கம்பத்துலேர்ந்து அளந்துட்டேன்."

எட் வண்டியிலிருந்து நாடாவை எடுத்து வந்தார். இரண்டு சாலைகளும் வெட்டிக்கொள்கிற இடத்தின் நடுவில் அவர் முனையைப் பிடிக்க, நான் மேற்கே ஆறு செயின் போனேன். அங்கிருந்து தெற்கே திரும்பினேன். இரண்டரை செயின் முடிந்த இடம் அறுக்காத கோதுமைக்குள், மிஷின் நின்ற இடத்துக்கு நேர் முன்னால், பன்னிரண்டு தப்படியில் இருந்தது.

ஜூன் இரும்புக் கம்பியை வாங்கிக் குத்தினாள். முழங்கால் ஆழம் வரை மண். பிறகு ஏதோ நொறுங்கியது. அதன் பிறகு கம்பி அவள் கையை விட்டே நழுவி உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரொம்பக் கீழே, தண்ணீரில் விழுகிற ஓசை.

கோதுமை வரிசைகள் அந்த இடத்தின் மேல் நேராக, ஒரு பிசிறு இல்லாமல் போயிருந்தன. ஜூன் அந்த வரிசைகளையே பார்த்தாள்.

"வெதைக்கும்போது இதும்மேலதான் போயிருக்கேன்," என்றாள்.

ரூத் பின்னால் வந்து மகளின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்து இரண்டடி பின்னுக்கு இழுத்தார். ஜூன் வளர்ந்த பெண், தாயைவிட ஒரு தலை உயரம். தடுக்கவில்லை, போனாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை வருட சர்வீஸ், ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கேட்காமல் நிச்சயம் என்று சொன்னேனே என்று என்னென்னவோ தமிழும் இங்கிலீஷும் கலந்து உளறினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நேத்து நிச்சயம்னு சொன்னது நீங்கதான். இன்னிக்கித் தப்புன்னு சொல்ல ஓடியாந்ததும் நீங்கதான்," என்றார் ரூத். "ரெண்டாவது ஆளுதான் எனக்கு வேணும். இன்னிக்கிச் சாயங்காலம் வசந்தாவோட சாப்பிட வந்துடுங்க."

இதைச் சொல்லும்போதும், சொல்லி முடித்து நாங்கள் எல்லோரும் மெல்ல வேலிப் பக்கம் நடந்தபோதும், அவர் மகளின் சட்டையை விடவில்லை.